ஒத்தத் தலைவலி மாத்திரைகள்: கடையில் கிடைப்பதில் எதை நம்பலாம், எதைத் தள்ளி வைக்கலாம்

"அண்ணே, ஒத்தத் தலைவலிக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று நம்மூர் மருந்துக் கடையில் கேட்டால் பெரும்பாலும் டோலோ 650, நாக்ஸ்டம், வாசோகிரைன் இவற்றில் ஒன்று கைக்கு வரும். மூன்றும் தலைவலி மாத்திரை என்ற ஒரே பெயரில் போனாலும் உள்ளே இருக்கும் சரக்கு வேறு, செய்யும் வேலை வேறு, கெடுதலும் வேறு. மைக்ரேன் எனப்படும் இந்த ஒத்தத் தலைவலிக்கென்றே உருவாக்கப்பட்ட டிரிப்டான் வகை மாத்திரைகள் அதே கடையின் அலமாரியில்தான் இருக்கும். மருந்துச் சீட்டில் எழுதினால் மட்டும் அவை வெளியே வரும். நியாயமாகப் பார்த்தால் முதலில் சொன்னவற்றில் சிலவற்றுக்கும் சீட்டு வேண்டும். அட்டையின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சொல்லி வாங்க வேண்டிய மருந்து என்று அர்த்தம்.

ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு முன் வயிற்றைப் பற்றி ஒரு விஷயம். மைக்ரேன் வந்தால் தலையோடு சேர்ந்து வயிறும் மந்தமாகிவிடும். இரைப்பை தன்னிடம் உள்ளதைக் குடலுக்குத் தள்ளுவது குறைந்துவிடுவதால், விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கும். ரத்தத்தில் கலப்பது தாமதமாகும், அல்லது வாந்தியோடு வெளியே வந்துவிடும். "போன தடவை கேட்டுச்சு, இந்தத் தடவை கேக்கல" என்று ஒரே மாத்திரையைப் பற்றி மாற்றி மாற்றிச் சொல்வதற்கு இது பெரிய காரணம். வலி தொடங்கிய முதல் அரை மணி, ஒரு மணிக்குள் போட்டால் பலிக்கும் மாத்திரை, மூன்று மணி நேரம் பல்லைக் கடித்துப் பொறுத்துவிட்டுப் போட்டால் பலிக்காமல் போகும்.

பாரசிட்டமால். டோலோ 650 ஒன்று போட்டுவிட்டு "மைக்ரேனுக்கு இது வேலைக்கு ஆகாது" என்பவர்களுக்கு அளவே போதவில்லை என்பதுதான் விஷயம். மைக்ரேனில் சோதித்துப் பார்த்த அளவு பெரியவர்களுக்கு ஒரே வேளையில் 1000 மி.கி., அதாவது 500 மி.கி. மாத்திரை இரண்டு. நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. உடல் எடை 50 கிலோவுக்குக் கீழே என்றாலோ, ஈரலில் கோளாறு, தினசரிக் குடிப் பழக்கம் இருந்தாலோ அளவு இன்னும் குறைவு. சளி, காய்ச்சல் மாத்திரைகளிலும் பாரசிட்டமால் இருப்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். லேசான, நடுத்தர வலிக்குப் போதும். ஆளைப் படுக்கப் போடும் வலிக்கு இதை நம்பி உட்கார வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் மட்டும் இதுதான் முதல் இடம்.

நாப்ராக்சனும் டொம்பெரிடோனும் சேர்ந்த மாத்திரை. நாக்ஸ்டம் 500 என்றால் நாப்ராக்சன் 500 மி.கி., டொம்பெரிடோன் 10 மி.கி. சாதாரண மைக்ரேனுக்கு நம் கடைகளில் கிடைக்கும் சேர்க்கைகளில் யோசித்துச் செய்த சேர்க்கை இது. டொம்பெரிடோன் குமட்டலை அடக்கி, மந்தமான இரைப்பையை நகர்த்தும். வலி நிவாரணியான நாப்ராக்சன் உடம்பில் நீண்ட நேரம் தங்கும் (பாதி வெளியேறவே 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும்). அதனால் ஐபுப்ரோஃபென் போட்டு மதியம் அடங்கிய வலி சாயங்காலம் திரும்புவது போல இதில் அவ்வளவு எளிதில் திரும்பாது. இதே பெயரில் 250 மி.கி. மாத்திரையும் இருக்கிறது. பெரியவர்களின் முழு வேக மைக்ரேனுக்கு அது போதாது. கடைக்காரர் எதை எடுத்துக் கொடுக்கிறார் என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

"சாப்பிட்டுட்டுப் போடணும்" என்ற அறிவுரை நல்லதுதான். ஆனால் சோறு வெந்து, சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தால் பொன்னான நேரம் போய்விடும். இரண்டு பிஸ்கட்டோ ஒரு டம்ளர் மோரோ போதும், உடனே போட்டுவிடலாம். இரண்டாவது மாத்திரை தேவைப்பட்டால் 12 மணி நேரம் கழித்து. நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், 20 வாரம் தாண்டிய கர்ப்பிணிகள் இதைத் தொடக் கூடாது. கிளாரித்ரோமைசின், ஃப்ளுகோனசோல் ஓடிக்கொண்டிருக்கும்போது டொம்பெரிடோன் சேர்ந்தால் இதயத் துடிப்பின் லயம் கெடலாம். தொண்டைத் தொற்றுக்கோ படைக்கோ மருந்து எடுக்கும் வாரத்தில் இதைக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

நாப்ராக்சன் போன்ற வலி நிவாரணிக் குடும்பத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு பிழை உண்டு. நாப்ராக்சனிலும் டைக்ளோஃபெனாக்கிலும் குடலில் போய்க் கரையும்படி மேலே பூச்சுப் போட்ட மாத்திரைகள் இருக்கின்றன. மூட்டு வலிக்குத் தினமும் எடுப்பவர்களின் வயிற்றைக் காக்கத்தான் அந்தப் பூச்சு. இரைப்பையே மந்தமாக இருக்கும் மைக்ரேன் நேரத்தில் அது குடலுக்குப் போய்ச் சேர்வதற்குள் வலி உச்சிக்கு ஏறிவிடும். வீட்டில் தாத்தாவின் மூட்டு வலி மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டு பலனில்லை என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டைக்ளோஃபெனாக்கே எடுப்பதென்றால் பொட்டாசியம் உப்பு 50 மி.கி. வேகமாகக் கரையும், சோடியம் உப்பு மெதுவானது. இரண்டில் எது என்று அட்டையில் அச்சிட்டிருக்கும்.

வாசோகிரைன். பல வீடுகளில் "மைக்ரேன் மாத்திரை" என்றாலே இதுதான். அட்டையின் பின்புறத்தை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். எர்கோட்டமின் 1 மி.கி., காஃபின் 100 மி.கி., பாரசிட்டமால் 250 மி.கி., புரோகுளோர்பெரசின் 2.5 மி.கி. என்று இருக்கும். பாரசிட்டமால் மேலே சொன்ன அளவில் கால் பங்குதான். காஃபின் ஒரு நல்ல டம்ளர் காபியில் இருக்கும் அளவு. புரோகுளோர்பெரசின், வாந்திக்குத் தரும் ஸ்டெமெடில் 5 மாத்திரையில் பாதி. மீதி இருப்பது எர்கோட்டமின். ரை என்ற தானியக் கதிரில் பிடிக்கும் எர்காட் என்ற பூஞ்சையிலிருந்து வந்த மருந்து அது. ரத்தக் குழாய்களைச் சுருக்கும். மூளைக்குப் போகும் குழாய், இதயத்துக்குப் போகும் குழாய், கைவிரல் நுனிக்குப் போகும் குழாய் எதையும் விடாது. வாய்வழி போட்டால் மிகக் கொஞ்சமே ரத்தத்தில் சேரும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். போதாததற்கு எர்கோட்டமினே குமட்டலைக் கிளப்பும்.

இதனால் பலன் அடைந்தவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனாலும் புதிதாகத் தொடங்குபவருக்கு இதை முதல் மருந்தாகச் சொல்ல மாட்டோம். பெரிய பயம் மருந்துகள் மோதிக்கொள்வது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், இட்ராகோனசோல், எச்.ஐ.வி. சிகிச்சையில் வரும் ரிட்டோனாவிர் ஆகியவை எர்கோட்டமின் உடைந்து வெளியேறுவதைத் தடுக்கும். உள்ளே தேங்கும் எர்கோட்டமின் கை, கால் விரல்களுக்கு ரத்தம் போகாமல் செய்து, விரல் கருத்து அழுகும் நிலை வரை கொண்டுபோயிருக்கிறது. விரல் நுனி சில்லிட்டு வெளுப்பது, மரத்துப் போவது, நடந்தால் கெண்டைக்கால் இழுப்பது இவற்றில் எது தெரிந்தாலும் மருந்தை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், இதய நோயாளிகள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்த மாத்திரை பக்கமே போகக் கூடாது. டிரிப்டான் எடுத்த 24 மணி நேரத்துக்குள் இதையோ, இதை எடுத்த 24 மணி நேரத்துக்குள் டிரிப்டானையோ எடுக்கக் கூடாது. இரண்டும் குழாயைச் சுருக்குபவை.

டிரிப்டான்கள். 1990-களின் தொடக்கத்தில் சுமாட்ரிப்டான் வந்த பிறகுதான் மைக்ரேனுக்கென்றே ஒரு மருந்து இருக்கிறது என்று சொல்ல முடிந்தது. தலை, முக வலியைக் கடத்தும் முக்கிளை நரம்பின் (டிரைஜெமினல்) முனைகளில் உட்கார்ந்து, வலியைத் தூண்டும் சிஜிஆர்பி என்ற வேதிப்பொருள் கசிவதை இவை குறைக்கும். நம்மிடம் சுமாட்ரிப்டான் (சுமினாட்) 25, 50, 100 மி.கி. ஆகவும், ரிசாட்ரிப்டான் (ரிசாக்ட்) 5, 10 மி.கி. ஆகவும் கிடைக்கிறது. சோல்மிட்ரிப்டான் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவும் வருகிறது.

சுமாட்ரிப்டானில் 25 மி.கி. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம் தரும். 50-ல் தொடங்குவது சரி. வலி தணிந்து பிறகு திரும்பினால் இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று போடலாம், நாளைக்கு மொத்தம் 200 மி.கி.யைத் தாண்டக் கூடாது. முதல் மாத்திரைக்கு வலி கொஞ்சமும் அசையவில்லை என்றால் அதே வலிக்கு இரண்டாவதும் அசைக்காது. அங்கே வேறு வகை மருந்துக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு "நமக்கு ஒத்துக்கல" என்று முடிவு கட்ட வேண்டாம். மூன்று தடவை, சரியான நேரத்தில், சரியான அளவில் போட்டும் கேட்காவிட்டால்தான் அது தோல்வி. ஒரு டிரிப்டான் கேட்காதவருக்கு இன்னொரு டிரிப்டான் கேட்பதும் சகஜம். டிரிப்டானோடு நாப்ராக்சன் 500-ஐச் சேர்த்துப் போட்டால் தனித்தனியாகப் போடுவதைவிடப் பலன் அதிகம், வலி திரும்புவதும் குறைவு. அடுத்த நாளும் வலி இழுக்கும் ஆட்களுக்கு இந்த ஜோடியை டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

நேரம் தவறிவிட்டது என்பதற்கு அடையாளம் இருக்கிறது. தலை வாரச் சீப்பை வைத்தால் மயிர்க்கால் வலிப்பது, பூ வைக்க முடியாதது, மூக்குக் கண்ணாடியின் தண்டு பட்டாலே எரிவது. தோல் இப்படி ஆன பிறகு டிரிப்டானின் வீரியம் குறைந்துவிடும். அதற்கு முன்பே, வலி லேசாக இருக்கும்போதே போட வேண்டும். கண்ணில் மின்னல் கோடு, ஒளி வட்டம் வருபவர்கள் மட்டும் அது ஓடும்போது போடாமல், வலி தொடங்கியதும் போடலாம்.

வாயில் கரையும் ரிசாட்ரிப்டானைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது: நாக்கிலிருந்தே ரத்தத்துக்குப் போய்விடும், அதனால் வேகம் என்று. நாக்கில் கரைவது மட்டும்தான் நடக்கிறது. எச்சிலோடு விழுங்கி, குடல் வழியாகவே உள்ளே போகிறது. சாதாரண மாத்திரையைவிடக் கொஞ்சம் தாமதமாகவே உச்சத்தைத் தொடும். பஸ்ஸிலோ கூட்டத்திலோ தண்ணீர் இல்லாமல் போட முடியும், ஒரு வாய் தண்ணீர் குடித்தாலே வாந்தி வருபவருக்கு வசதி, அவ்வளவுதான் லாபம். இதை எடுக்கும்போது கை ஈரமாக இருக்கக் கூடாது. மற்ற மாத்திரை போலக் கட்டைவிரலால் அழுத்திப் பின்பக்கத் தாளைக் கிழித்துத் தள்ளினால் பொடிப்பொடியாக நொறுங்கும். தாளின் முனையைப் பிடித்து உரித்து, மாத்திரையை அப்படியே நாக்கில் கவிழ்க்க வேண்டும். முன்கூட்டியே எடுத்து டப்பியில் போட்டு வைத்தால் காற்றின் ஈரத்திலேயே பிசுபிசுத்துவிடும்.

முதல் தடவை எடுப்பவர்கள் பயந்துபோகும் விஷயம், நெஞ்சிலும் கழுத்திலும் ஏதோ இறுக்குவது போல, முகம் சூடேறுவது போல, விரல் குறுகுறுப்பது போல ஒரு உணர்ச்சி. பெரும்பாலும் அரை மணி, ஒரு மணியில் அடங்கும். நெஞ்சு வலியாக அழுத்தினாலோ, தோளுக்கும் தாடைக்கும் பரவினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரி போக வேண்டும். மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கும், ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் டிரிப்டான் கிடையாது. சர்க்கரை, கொழுப்பு, புகைப்பழக்கம் எல்லாம் சேர்ந்த நாற்பது வயதுக்காரர் இதயத்தைப் பார்த்துக்கொண்டு தொடங்குவது நல்லது. வலி வராமல் தடுக்கத் தினமும் புரொப்ரனோலால் எடுப்பவருக்கு ரிசாட்ரிப்டான் ரத்தத்தில் அதிகமாக ஏறும். அவருக்கு 10 வேண்டாம், 5 மி.கி.தான். மருந்துச் சீட்டிலேயே இது தவறிப்போகிறது.

டிரிப்டான் கூடாத இதய நோயாளிகளுக்கு இப்போது ரிமேஜெபன்ட் இருக்கிறது. 75 மி.கி., வாயில் கரையும் மாத்திரை, 24 மணி நேரத்தில் ஒன்றே ஒன்று. சிஜிஆர்பி போய் உட்காரும் இடத்தை அடைக்கிறது, ரத்தக் குழாயைச் சுருக்குவதில்லை. அமெரிக்காவில் 2020-ல் அனுமதி பெற்றது, இந்தியாவுக்கும் வந்துவிட்டது. வேகத்தில் டிரிப்டானை மிஞ்சாது, விலையோ பல மடங்கு. டிரிப்டான் ஒத்துப்போகிறவர் இதற்கு மாற வேண்டிய தேவை இல்லை.

இனி எண்ணிக்கை. தலைவலி மாத்திரையே தலைவலியை உண்டாக்கும் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள், ஆனால் உண்மை அதுதான். டிரிப்டான், எர்கோட்டமின், பல மருந்து கலந்த மாத்திரைகள் மாதத்தில் 10 நாளைத் தொட்டாலும், வெறும் பாரசிட்டமாலோ நாப்ராக்சனோ 15 நாளைத் தொட்டாலும், அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், விட்டு விட்டு வந்த வலி தினசரி வலியாக மாறும். காலையில் எழும்போதே வலியோடு எழுவது அதன் குணம். மாத்திரை போட்டால் நாலு மணி நேரம் அடங்கும், மறுபடி கேட்கும். வாரத்துக்கு இரண்டு நாள் என்று வரம்பு வைத்துக்கொண்டால் இதில் சிக்க மாட்டீர்கள். சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரில் மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம் போட்டு, என்ன மாத்திரை என்று எழுதுங்கள். டாக்டரிடம் போகும்போது ஸ்கேனைவிட அந்தத் தாள்கள்தான் பேசும்.

மாதத்தில் நாலு நாளுக்கு மேல் வலி ஆளைச் சாய்க்கிறது என்றால் தடுப்பு மருந்து பற்றிப் பேச வேண்டிய நேரம். இங்கே நடக்கும் ஏமாற்றத்தில் பெரும்பங்கு இரண்டு காரணத்தால் வருகிறது: அளவு ஏறவே இல்லை, அல்லது இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். உரிய அளவை எட்டிய பிறகு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். வலி நாட்கள் பாதியாகக் குறைந்தால் அது வெற்றி. ஒரேயடியாக மறைய வேண்டும் என்று எதிர்பார்த்தால் நல்ல மருந்தையும் தூக்கி எறிந்துவிடுவோம்.

புரொப்ரனோலால் (இண்டரால், சிப்லார் எல்.ஏ.) இன்னமும் முதல் வரிசையில்தான் இருக்கிறது. நெஞ்சு வலிக்குக் கொடுத்தபோது மைக்ரேன் குறைந்ததை 1960-களில் கவனித்து இந்தப் பக்கம் வந்த மருந்து. 20 அல்லது 40 மி.கி.யில் தொடங்கி, பலன் தரும் அளவான 80 முதல் 160 மி.கி. வரை ஏற வேண்டும். மாதக் கணக்கில் 20 மி.கி.யிலேயே நின்றுகொண்டு "கேக்கல" என்பவர்கள் நிறைய. ஆஸ்துமா இருந்தால் கூடவே கூடாது. கை கால் சில்லிடும், நாடி மெதுவாகும், படியேறினால் மூச்சு வாங்கும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களுக்கு, சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பு தெரியாமல் மறைத்துவிடும். திடீரென நிறுத்தக் கூடாது. எல்.ஏ. என்று போட்டிருப்பது நாள் முழுக்க மெதுவாக வெளிவரும் வகை, பொடி செய்யவோ மெல்லவோ கூடாது.

ஃப்ளுனாரிசின் (சிபிலியம்) நம் நாட்டில் தாராளமாக எழுதப்படுகிறது. அமெரிக்காவில் இது விற்பனையிலேயே இல்லை. இரவில் 5 அல்லது 10 மி.கி. உண்மையாகவே வேலை செய்யும் மருந்து. ஆனால் தூக்கமும் பசியும் கூடும், எடை ஏறும். மனச்சோர்வு இருந்தவர்களுக்கு அது திரும்ப வரலாம், வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வரலாம். இரண்டு மாதத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். டாக்டரைப் பார்க்காமல் பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடும் மருந்தாக இது ஆகியிருப்பதுதான் எங்கள் கவலை.

தூக்கம் கெட்டவர்களுக்கும், கழுத்து இறுக்கத்தோடு வலி வருபவர்களுக்கும் அமிட்ரிப்டிலின் (டிரிப்டோமர்) பொருந்தும். 10 மி.கி.யில் தொடங்கி 25, தேவைப்பட்டால் 50 வரை போகலாம். படுக்கும் நேரத்தில் போட்டால் மறுநாள் காலை பத்து மணி வரை மப்பு இருக்கும், இரவு எட்டு மணிக்கே போட்டால் அது குறையும். வாய் உலரும், மலச்சிக்கல் வரும். இது மனநோய் மாத்திரை என்று இணையத்தில் படித்துவிட்டு நிறுத்துபவர்கள் உண்டு. மைக்ரேனுக்குத் தரும் அளவு மனச்சோர்வுக்குத் தரும் அளவைவிட மிகக் குறைவு.

உடல் பருமன் உள்ளவர்களுக்கு டோபிராமேட் நல்ல தேர்வு, இதில் எடை குறையும். வாரத்துக்கு 25 மி.கி. வீதம் ஏற்றி, காலையும் இரவும் 50 மி.கி. என்ற அளவுக்குப் போக வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் பேசும்போது சொல் வாயில் வராமல் தடுமாறும். விரல் நுனியும் உதடும் குறுகுறுக்கும், சோடா சப்பென்று இருக்கும். தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீரகக் கல் வரும். வியர்வை குறைவதால் சித்திரை வெயிலில் வேலை செய்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கண்ணில் திடீரென வலியும் மங்கலும் வந்தால் அன்றே நிறுத்தி, கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருவில் உதடு, அண்ணப் பிளவு உண்டாக்கும் ஆபத்து இருப்பதால், குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். இன்னொரு தடுப்பு மருந்தான டைவல்ப்ரோயெக்ஸ் விஷயத்தில் எங்கள் கருத்து இன்னும் கறார்: பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு மைக்ரேனுக்காக இந்த மருந்து எழுதப்பட்டிருந்தால், வேறு மருந்து உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். கருவின் முதுகுத் தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும். ஆனால் வலிப்பு நோய்க்காக எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலி, மாத்திரைகள் எதுவும் கேட்கவில்லை என்ற கட்டத்தில் போடாக்ஸ் ஊசி இருக்கிறது. நெற்றி, பொட்டு, பின்தலை, கழுத்து, தோள் என 31 இடங்களில் மொத்தம் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒருமுறை. எரெனுமாப் போன்ற ஊசிகள் மாதம் ஒன்று, தொந்தரவு குறைவு (மலச்சிக்கல் வரும்), செலவு நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது.

தடுப்பு மருந்து மாதக்கணக்கில் ஓடும் செலவு என்பதால் மூலப்பெயரில் கேட்டு வாங்குவது நல்லது. 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் மக்கள் மருந்தகங்களிலும் புரொப்ரனோலால், அமிட்ரிப்டிலின் என்று பெயர் சொல்லி விசாரியுங்கள். சீட்டில் மூலப்பெயரையும் எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மாத்திரையைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வலிகள் உண்டு: இடி விழுந்தாற்போல ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது, தலையில் அடிபட்ட பிறகு வருவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது, கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பின்னோ புதிதாக வரும் கடுமையான வலி. கண்ணில் மின்னலோடு மைக்ரேன் வரும் பெண்கள் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுத்தால் பக்கவாத ஆபத்து கூடும். மகப்பேறு மருத்துவரிடம் இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

கடையில் நிற்கும்போது கடைசியாக ஒன்று. முழு அட்டை வேண்டாம், நாலு மாத்திரை போதும் என்றால் கத்தரியால் வெட்டித் தருவார்கள். மருந்தின் பெயர் ஒரு துண்டிலும், காலாவதித் தேதி இன்னொரு துண்டிலும் போய்விடும். ஒரு மாதம் கழித்துக் கைப்பைக்குள்ளிருந்து எடுத்தால் அது ரிசாட்ரிப்டானா, வாசோகிரைனா, எப்போது காலாவதி என்று யாருக்கும் தெரியாது. தேதி இருக்கும் பக்கத்தை உங்களுக்குத் தரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பில்லை மடித்து, அந்த நாலு மாத்திரையோடு ஒரே ரப்பர் பேண்டில் கட்டி வையுங்கள்.